பாகூர் வயலும் எரிமலைத் தீவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவைப் புதுச்சேரி எளிதில் மறக்காது. ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர் வட்டாரத்து ஊர்களுக்குள் புகுந்தது. அந்த 46 செ.மீ. என்ன பாடு படுத்தியது என்று இந்த அவையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பன்மடங்கு மழையை எண்ணிப் பாருங்கள். 1966 ஜனவரியில், தெனீஸ் என்ற புயலின்போது, இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு தீவின் மலை மேட்டில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 182 செ.மீ. பெய்தது. புதுச்சேரியில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஒரு நாள் மழையில் உலகச் சாதனை இன்றுவரை அதுதான்.

அந்தத் தீவின் பெயர் ரீயூனியன். புதுச்சேரிக் கரையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 4,500 கி.மீ. தொலைவில், மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கிறது. பரப்பு 2,512 சதுர கி.மீ. கடலடியிலிருந்து எரிமலை கக்கி எழுப்பிய நிலம். தீவின் கூரையான பித்தோன் தெ நேஜ் சிகரம் மூவாயிரம் மீட்டரைத் தாண்டி நிற்கிறது. தென்கிழக்கே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இன்னும் அடிக்கடி தீக்குழம்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. மலைகளுக்கு நடுவே சிலாவோஸ், சலாசி, மஃபாத் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். அவற்றுள் மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. அங்கே குடியிருப்பவர்கள் இன்றும் நடந்துதான் போகவேண்டும். அரிசியும் மருந்தும் ஹெலிகாப்டரில் வந்திறங்குகின்றன. 2010இல் யுனெஸ்கோ இந்த மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் உலக மரபிடமாக அறிவித்தது.

இந்தத் தீவில் வாழ்பவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு முன்னோர் தென்னிந்தியர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். வீரப்பிள்ளை, இராமசாமி, சின்னமலை என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் மாறிப்போய், மேயர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் பட்டியலில் இன்று வரிசையாக நிற்கின்றன. அவர்களுடைய முன்னோர் கப்பலேறிய இரண்டு பெரிய துறைகள் புதுச்சேரியும் காரைக்காலும். கப்பலேறியவர்களில் நகரத்தார் சிலரே. பெரும்பகுதியினர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள்; புதுச்சேரியின் கொம்யூன் எனப்படும் ஊர்த்தொகுதிகளிலிருந்தும், அவற்றோடு பின்னிக் கிடந்த தென்னார்க்காட்டு ஊர்களிலிருந்தும், தஞ்சைப் பகுதியிலிருந்தும் போனவர்கள்.

ஆகவே ரீயூனியனைப் பற்றிப் பேசும்போது சுற்றுலாக் கையேட்டு மொழி நமக்கு உதவாது. அருவியும் எரிமலையும் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வில்லியனூருக்கும் பாகூருக்கும் அந்தத் தீவோடு உள்ள உறவு பங்காளி உறவு.

பதினேழாம் நூற்றாண்டு வரை மஸ்கரேன் தீவுக்கூட்டத்தில், அதாவது ரீயூனியன், மொரீசியஸ், ரோட்ரிக்ஸ் ஆகிய மூன்றிலும், மனிதர் நிலையாகக் குடியிருந்ததில்லை. தரைவாழ் பாலூட்டிகளும் இல்லை. வௌவால்தான் பறந்து வந்து சேர்ந்த ஒரே பாலூட்டி வகை. துரத்த விலங்கு இல்லாத இடத்தில் பறவைக்கு இறக்கை எதற்கு? மொரீசியசில் ஒரு புறா இனம் பறப்பதை மறந்து, உடல் பெருத்து, டோடோ ஆயிற்று. மாலுமிகள் வந்தார்கள். கப்பலில் எலியும் பன்றியும் குரங்கும் வந்தன. 1662க்குப் பிறகு டோடோவை உயிரோடு பார்த்ததாக ஐயத்துக்கு இடமில்லாத பதிவு இல்லை. ரீயூனியனில் ஓர் அரிவாள்மூக்கன் இனமும், ஆயிரக்கணக்கில் மேய்ந்த பேராமையும் அதே வழியில் போயின. பேராமையை உயிரோடு கப்பலில் ஏற்றினால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும் என்பதால் அதை நடமாடும் இறைச்சிக் கிடங்காகவே பயன்படுத்தினார்கள்.

வெளியிலிருந்து வந்து சேர்ந்ததில் இந்தியாவின் பங்கும் உண்டு. 1762இல் மொரீசியசின் பயிரை வெட்டுக்கிளி அழித்தபோது, அதைப் பிடித்துத் தின்ன இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நாட்டுப் பூச்சியை வேறொரு நாட்டு உயிரைக் கொண்டு அடக்கிய முதல் வெற்றி என்று வேளாண் அறிவியலார் இதைக் குறிப்பிடுகிறார்கள். வில்லியனூர்ச் சந்தையில் நெல் பொறுக்குகிற அதே மைனா. பின்னாளில் செம்மீசைச் சின்னானும் போய்ச் சேர்ந்தது. 1972இல் மொரீசியசிலிருந்து ரீயூனியனுக்குத் தாவிய அந்தச் சிறு பறவை இன்று பழத்தோட்டங்களைப் பாழாக்குகிறது. அயல் களைகளின் விதையைக் காட்டுக்குள் பரப்புகிறது. இங்கே வேலியோரத்தில் பாடுகிற குருவி அங்கே தொல்லை.

மிஞ்சியதைக் காப்பாற்றப் பாடுபட்டவர்களும் அந்தத் தீவுகளில் இருக்கிறார்கள். மொரீசியசின் வல்லூறு 1974இல் காட்டில் நான்கே நான்கு என்ற நிலைக்கு வந்தது. காட்டிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டு, சில நூறாக்கினார் கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளர். பத்தளவில் சுருங்கியிருந்த இளஞ்சிவப்புப் புறாவும் அவருடைய குழுவின் உழைப்பால்தான் பிழைத்தது. ரீயூனியனின் உச்சிப் பாறைகளில், இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது பாரோ பெட்ரல் என்ற கடற்பறவை. உலகில் வேறெங்கும் அது குஞ்சு பொரிப்பதில்லை. ஏப்ரல் மாத வாக்கில் குஞ்சு முதன்முறையாகக் கடலை நோக்கிப் பறக்கும்போது, கரையோர நகரங்களின் விளக்கொளியில் வழி தவறிச் சாலையில் விழுகிறது. ஊர் மக்கள் அட்டைப்பெட்டியில் எடுத்துவைத்துப் பறவைக் காப்பாளர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். அந்த நாட்களில் தெருவிளக்கை அணைத்துவைக்கும் நகரசபைகள் உண்டு. ஒரு பறவைக்காக விளக்கணைக்கிற ஊரைப் பற்றி நாம் யோசிக்கவேண்டும். வில்லியனூர் கொம்யூனிலுள்ள ஊசுட்டேரி 2008இல் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகையோடு நம் பொறுப்பு முடிந்துவிட்டதா என்பதற்குப் பதிலை ஏரிக்கரைக்குப் போய்ப் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

இனி மனிதர்களின் கதை.

ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்தில், 1750ஐ ஒட்டி, வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அதற்கு முன்பே புதுச்சேரித் துறைக்கும் மஸ்கரேன் தீவுகளுக்கும் போக்குவரத்து இருந்தது. 1735 முதல் அந்தத் தீவுகளின் ஆளுநராக இருந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தனாரையும் தச்சரையும் வரவழைத்தார். மொரீசியசின் தலைநகரத்தில் கல்லடுக்கிய முதல் கைகளில் தமிழர் கைகள் உண்டு. 1736 செப்டம்பரில் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்தத் தீவுகளுக்குப் போகிற, அங்கிருந்து வருகிற கப்பல்களின் செய்தி அடிக்கடி வருகிறது. அதே நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுக் குறிப்பொன்று நெஞ்சை அறுப்பது: ஆட்களை ஆசைகாட்டி ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போய், மறைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலின் கதை. கட்டட வேலைக்குக் கூலி பேசிப் போனவர்களும், கையைக் கட்டிக் கொண்டுபோகப்பட்டவர்களும் ஒரே துறையிலிருந்துதான் ஏறினார்கள். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் புதுச்சேரியின் கடல் வரலாற்றை எழுத முடியாது. பிரபஞ்சனின் நாவல்கள் அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தமிழ் வாசகர் முன் நிறுத்தின. நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்' மொரீசியஸ் வரை கதையைக் கொண்டுசென்றது. ஆனால் இந்த நகரத்தில் 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்த பாரதி பாடியதால் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிகிறது. புதுச்சேரித் துறையிலிருந்தே மக்கள் போன தீவுகள் புதுச்சேரிப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. இது பெரிய குறை.

1828இல் ஏனாமிலிருந்து தெலுங்குக் கூலிகள் சிலரோடு முதல் கப்பல் ரீயூனியனுக்குப் போயிற்று. அப்போது தீவின் பெயர் பூர்போன். அந்த முயற்சி சில ஆண்டுகளில் நின்றது. 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளின் கண் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம், அரிசிப்படி, முடிந்தபின் திரும்பி வரக் கப்பல் என்று மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் அவர்கள் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேய ஆட்சி ஊரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்ததால், வரப்பைத் தாண்டினால் ஆட்சியே மாறிவிடும். இது மேஸ்திரிக்கு வசதி. தங்கள் குடிகள் களவாகக் கொண்டுபோகப்படுவதாக ஆங்கிலேய அதிகாரிகள் புகார் செய்துகொண்டே இருந்தார்கள். 1860, 1861ஆம் ஆண்டுகளில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியனுக்கு மட்டும் போன இந்தியர் ஒரு லட்சத்துக்கும் மேல். அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கரிபியன் தீவுகளான குவாதலூப்புக்கு 42,000க்கும் மேல், மர்த்தினிக்குக்கு 25,000க்கும் மேல். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்குக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுசேர்த்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதக் கடற்பயணம். அங்கே ஆணுக்குப் பேசிய சம்பளம் மாதம் பன்னிரண்டரை பிராங்கு.

ரீயூனியனில் இறங்கியவர்களை முதலில் லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய தனிமைக் கொட்டடியில் அடைத்தார்கள். காலராவோ அம்மையோ இல்லை என்று தெரிந்தபிறகு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அந்தக் கொட்டடி இப்போது நினைவிடம். தோட்டங்களில் நடந்த கொடுமையைப் பற்றி முறையீடு மேல் முறையீடாக வந்ததால், 1877இல் கோல்ட்ஸ்மிட் என்ற ஆங்கிலேயத் தளபதியும் மியோ என்ற பிரெஞ்சு அதிகாரியும் தீவுக்குப் போய் விசாரித்தார்கள். கூலியைப் பிடித்துவைத்தல், ஒப்பந்தம் முடிந்தும் விடாமை, அடி ஆகியவை வெளிப்பட்டன. 1882இல் ஆங்கிலேய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்களில் கணிசமானோர் திரும்பவில்லை.

அவர்கள் கொண்டுபோனது என்ன? சாத்திரமும் ஆகம விதியும் அறிந்தவர்கள் அந்தக் கப்பல்களில் அதிகம் ஏறவில்லை. ஏறியவர்களிடம் இருந்தது ஊர்க்கோயில், கூத்து, தப்பு, தீமிதி. அவைதான் அந்தத் தீவில் வேரூன்றின. ரீயூனியனின் பழைய தமிழ்க் கோயில்கள் பலவும் சர்க்கரை ஆலைகளை ஒட்டிக் கட்டப்பட்டவை. மாரியம்மனும் காளியும் மதுரை வீரனும் முனீஸ்வரனும் அங்கே இருக்கிறார்கள். எல்லோருக்கும் மேலாகப் 'பாண்டியாளே' என்று அழைக்கப்படும் தெய்வம் இருக்கிறாள். அவள் பாண்டவர் தேவி, திரௌபதி. செஞ்சி வட்டாரத்தை மையமாகக் கொண்டு தென்னார்க்காட்டிலும் புதுச்சேரி ஊர்களிலும் படர்ந்த அதே திரௌபதி வழிபாடு. அல்ஃப் ஹில்டிபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் செஞ்சிப் பக்கத்துக் கோயில்களில் தங்கி எழுதிய பெரிய ஆய்வு நூலைப் படித்துவிட்டு ரீயூனியனின் தீமிதியைப் பார்ப்பவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது. பதினெட்டு நாள் விரதம், பாரதக் கதை, அருச்சுனன் திருமணம், கரகம், மஞ்சள் துணி, தீக்குழி, குழியின் முடிவில் பால்.

காலம் மட்டும் மாறியிருக்கிறது. இங்கே ஆடி மாதத்தையொட்டி நடக்கும் தீமிதி அங்கே பெரும்பாலும் டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் நடக்கிறது. கரும்பு வெட்டு ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஒப்பந்தத்திலேயே பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாளி விட்ட நாளில்தான் அம்மன் தீக்குழி கண்டாள். அடுப்புக்கும் ஆலைக்கும் நடுவில் கிடைத்த நாலு நாளைத் திருவிழாவாக்கிய அந்த மனிதர்களின் பிடிவாதத்துக்கு இந்த அவை தலைவணங்க வேண்டும்.

கூத்தின் கதை இன்னும் வியப்பானது. ரீயூனியனில் பிரெஞ்சில் 'தமிழ் ஆட்டம்' என்று சொல்லும் ஒரு கலை இருந்தது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது. கட்டியக்காரன், தோள்கட்டை, கிரீடம், விடிய விடிய ஆட்டம் என்று அத்தனையும் தெருக்கூத்து. ஆட்டத்தை நடத்துபவர் அங்கேயும் 'வாத்தியார்'தான். தாத்தா பாடிய பாட்டைப் பேரன் பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினான். வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. பாடுகிற வரிக்குப் பொருள் முழுதும் தெரியாது. மொழி கையைவிட்டுப் போனபிறகும் நான்கு தலைமுறை அந்தப் பாட்டைக் கைவிடவில்லை. மத்தளமும் தப்பும் அதே பெயரில் அங்கே ஒலிக்கின்றன. குவாதலூப்பில் நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டுப் படைக்கிறார்கள். கடல் கடந்த தமிழர் சமயம் பார்க்காமல் நாகூரை வேண்டிக்கொண்டு கப்பலேறியதன் அடையாளம் அது. அங்கே பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்களும்கூட. காலையில் மாதா கோயில், மாலையில் மாரியம்மன் கோயில். இதில் முரண்பாடு காண்பவர்கள், தேர் ஓடும் திருக்காமீசுவரர் கோயிலும், 1877இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த சுரூபத்தை வைத்து வணங்கும் லூர்து அன்னை ஆலயமும் ஒரே ஊரில் இருக்கும் வில்லியனூரை வந்து பார்க்கட்டும்.

சமையலில் இந்தத் தொடர்ச்சி இன்னும் எளிதாகத் தெரிகிறது. ரீயூனியனில் சாப்பாடு என்றால் சோறு, கறி, அவரை அல்லது பருப்பு, பக்கத்தில் காரமான ஒரு சட்னி. கோயில் விசேஷத்தில் வாழையிலை. முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் அவரவர் கொல்லையில். தீமிதி முடிந்த மறுநாள் ஆட்டுக்கறி மசாலா. பலாக்காயைப் பொடியாகக் கொத்தி, புகையூட்டிய பன்றியிறைச்சியோடு வைக்கும் கறி கிரியோல் வீட்டுக்கும் தமிழர் வீட்டுக்கும் பொது. 'பிசிக்' என்ற மீன் தனிக்கதை. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, ஆற்றுக்குத் திரும்பும் உளுவை இனத்தின் குஞ்சு, நூலிழை பருமன்தான் இருக்கும். ஆற்று முகத்துவாரத்தில் கூடை வைத்துப் பிடிப்பார்கள். வரத்து குறைந்து, விலை ஏறி, அது இப்போது விருந்தாளி வந்தால் மட்டும் வைக்கும் கறி.

குவாதலூப்பில் கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த பொடியில் வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பை இன்று யாரும் இந்தியர் உணவென்று பிரித்துச் சொல்வதில்லை. கறுப்பின மக்களும் வெள்ளையரும் தங்கள் தீவின் தலைமை உணவு என்று அதையே உரிமை கொண்டாடுகிறார்கள். மாரியம்மனுக்குப் படைத்த குழம்பு ஒரு தீவு முழுவதற்கும் பொதுவானது. மொரீசியசில் தமிழர் வீட்டு விசேஷத்துக்கு ஏழு கறி வைத்து வாழையிலையில் பரிமாறுவது ஊரறிந்த வழக்கம். தைப்பூசக் காவடிக்கு அந்நாட்டில் அரசு விடுமுறை. ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ். 1998இல் அந்த வரிசை மாறி அச்சான தாள்களைத் தமிழரின் எதிர்ப்புக்குப் பிறகு அரசு திரும்பப் பெற்றது.

உரிமைப் போராட்டத்துக்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும்: ஆன்ரி சிதம்பரம். 1863இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் ஊரில், ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர். இந்திய வம்சாவளியினர் ஆங்கிலேயரின் குடிகள், அவர்களுக்குப் பிரெஞ்சு வாக்குரிமை இல்லை என்று அதிகாரிகள் 1904இல் சொன்னபோது வழக்குத் தொடுத்தார். புதுச்சேரித் தமிழர்கள் 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ், குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த தமிழனுக்கு வாக்கில்லை. பத்தொன்பது ஆண்டு நடந்த போராட்டத்துக்குப் பின், 1923இல் உரிமை கிடைத்தது. 1952இல் மறைந்த சிதம்பரத்தைப் பற்றிப் புதுச்சேரிப் பாடநூலில் ஒரு பக்கம் இருக்கவேண்டும் என்பது இந்த உரையின் வெளிப்படையான கோரிக்கைகளில் ஒன்று.

1946 மார்ச் 19ஆம் நாள் சட்டத்தால் ரீயூனியனும் குவாதலூப்பும் மர்த்தினிக்கும் பிரான்சின் மாவட்டங்களாயின. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். எட்டாண்டு இடைவெளியில் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரண்டு நாடுகளாயின. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை.

இப்போது அவர்கள் தேடி வருகிறார்கள். பாட்டனின் பதிவெண்ணும், ஊர்ப்பெயரென்று பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு சொல்லும் கையில் இருக்கும். தொழிலாளர் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், வந்த கப்பல் இருக்கும். அவ்வளவுதான். வருபவர்களைக் கடற்கரைச் சாலைக்கும் மஞ்சள் சுவர் பிரெஞ்சு வீடுகளுக்கும் அழைத்துப்போகிறோம். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் கூலிக் கப்பலில் ஏறவில்லை. வருகிறவர்களின் பாட்டன் பாட்டி விட்டுப்போனது கூத்துக்களம், அய்யனார் திடல், ஏரிக்கரை, அம்மன் கோயில் தீக்குழி. சிங்காரி, பங்காரி என்ற இரு சகோதரிகளின் கதையோடு தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால், தேர் போகும் வில்லியனூர் வீதி, சங்கராபரணிக் கரைத் திருக்காஞ்சி, கரும்பு வண்டிகள் போன அரியூர்ச் சாலை, இவைதாம் அவர்கள் பார்க்கவேண்டியவை. ரீயூனியனின் மரபுக்கு நிகரான மரபு நகரத்தில் இல்லை, கொம்யூன்களில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இத்தனை நீண்ட உரை.

ஆவணத்தைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் 1879இல் கிடைத்தன. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கல்விச்சாலையைப் பற்றி நாம் பேச முடிவது, யாரோ ஒருவர் அதைச் செம்பில் எழுதிவைத்ததால்தான். கடல் கடந்தவர்களைப் பற்றி இங்கே அப்படி எழுதிவைத்தவர் இல்லை. ஆனால் தடயம் இன்னும் முழுதும் அழியவில்லை. பிரெஞ்சு ஆட்சி ஊர்தோறும் எழுதிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை புதுச்சேரியிலேயே இருக்கிறது. 'கப்பலேறிப் போனவர்' என்று ஒரு பெரியப்பனைப் பற்றிப் பேச்சு வரும் வீடுகள் இன்னும் சில உண்டு.

இந்த உரையைக் கேட்டவர்களும் படிப்பவர்களும் செய்யக்கூடியது எளிது. உங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரிடம் இருக்கும் ஏடுகளையும் நோட்டுகளையும் அவர் சம்மதத்தோடு படம் எடுத்து வையுங்கள். ரீயூனியனின் நோட்டுப் புத்தகத்தில் சிதைந்து கிடக்கும் வரிக்குச் சரியான பாடம் அவற்றில் இருக்கக்கூடும். தீமிதி நடக்கும் அம்மன் கோயில் ஒவ்வொன்றின் பெயரையும், ஊரின் பழைய பெயரையும், அதைப் பிரெஞ்சுக்காரர் எப்படி எழுதினார்கள் என்பதையும் பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல் கொம்யூன் அலுவலகத்திலும் நூலகத்திலும் கிடைக்கட்டும். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால், கடல் கடந்து போன உறவுகளின் பெயரை இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.